‘பார்த்தான்’ என்பதும் ‘வாள்’ என்பதும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து: பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

அக்கராயன் ரீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். அக்கராயன் பக்கம் பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். எல்லோரும் தமிழ் மொழி மூலம் படிப்பவர்கள். அடுத்த வருடம் சாதாரணதரம் எழுதப் போகிறார்கள்.

போன கிழமை ஒரு சிறிய பந்தியைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னேன். அதில் ஒரு வசனம்: ‘த கார்ப்பெண்டர் ஃபவுண்ட் ஹிஸ் சோ ஆன் த கிரவுண்ட் அண்ட் லெஃப்ட்.’ தச்சர் தன் வாளை நிலத்தில் கண்டெடுத்தார், பிறகு போய்விட்டார். அவ்வளவுதான் விசயம்.

வகுப்பில் அகராதியை ஆகக் கூடுதலாகப் புரட்டுகிற பிள்ளை எழுதியிருந்தது இது: ‘தச்சர் நிறுவு அவருடைய பார்த்தார் அரைத்த மேல் மற்றும் இடது.’ ஒவ்வொரு சொல்லையும் தனியாக எடுத்தால் அகராதியில் அந்தப் பொருள் இருக்கிறது. ‘ரீச்சர், நான் ஒன்றையும் விடாமல் தேடித்தான் எழுதினேன்’ என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் படித்த காலத்தில் இதே மாதிரி எழுதியதற்கு ஒரு ஆசிரியர் என்னை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். அதை நான் அவளுக்குச் செய்ய மாட்டேன். ஆனால் ஏன் இப்படி என்று அவள் கேட்டபோது எனக்கும் பதில் தெரியவில்லை. ஒரு மொழியில் வினையும் பெயரும் ஒரே எழுத்தில் வந்து நிற்பது எப்படி? தெரிந்தவர்கள் வடிவாகச் சொல்லுங்கள்.

பாலைப்பழம்

ரீச்சர், ஆங்கிலத்தில் ஏன் என்று கேட்கத் தொடங்கினால் முடிவே இல்லை. பாடமாக்கத்தான் வேண்டும். இப்படியான சொற்களை ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். என் மகன் அப்படித்தான் படித்துச் சித்தியடைந்தான்.

குளக்கட்டு

ரீச்சர், அந்தப் பிள்ளையிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அவளுக்குக் கிடைத்த வசனம் சாதாரண வசனம் இல்லை. ஃபவுண்ட், சோ, கிரவுண்ட், லெஃப்ட் என்று நான்கு இரட்டைச் சொற்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. நான் பட்டப்படிப்பில் ஆங்கில மொழி வரலாறு படித்தவன். இந்த நான்கையும் பற்றி ஒரு மாதம் கதைக்கலாம்.

‘சோ’வை எடுப்போம். எஸ், ஏ, டபிள்யூ. ஆயிரம் வருடங்களுக்கு முன் கதைத்த பழைய ஆங்கிலத்தில் மரம் அரியும் வாளுக்கு ‘சகு’ என்று பெயர். ‘பார்த்தான்’ என்பதற்கு ‘சேஅஹ்’. அந்தக் காலத்துப் பிள்ளை யாரும் இந்த இரண்டையும் மாறி விளங்கியிருக்காது. பிறகு ‘சகு’வின் நடுவில் இருந்த ககரம் தேய்ந்து வகரம் போல் ஆகி, கடைசி உயிரும் உதிர்ந்தது. ‘சேஅஹ்’ என்பதன் கடைசியில் தொண்டையில் இருந்து வந்த ஒலியும் அதே மாதிரிக் கரைந்தது. முல்லைத்தீவில் இருந்து ஒருவரும் துணுக்காயில் இருந்து ஒருவரும் வெளிக்கிட்டு வந்து மாங்குளம் சந்தியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது போல. சந்தியில் பார்ப்பவருக்கு இருவரும் ஒரே ஊர் என்றுதான் தோன்றும்.

உங்கள் வசனத்தில் இல்லாத ‘ரோஸ்’ என்ற இரட்டைச் சொல் இன்னும் தூரத்தில் இருந்து வந்தது. பூ லத்தீன் மொழியின் ‘ரோசா’. ‘எழுந்தான்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘ராஸ்’. அந்த நெடில் ஆகாரம் பிற்காலத்தில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் ஓகாரமாகிவிட்டது. கல்லுக்கு ‘ஸ்தான்’ என்று இருந்தது ‘ஸ்டோன்’ ஆனதும், எலும்புக்கு ‘பான்’ என்று இருந்தது ‘போன்’ ஆனதும் இதே மாற்றத்தால்தான். ‘ராஸ்’ அதோடு சேர்ந்து ‘ரோஸ்’ ஆகிப் பூவின் மேல் போய் மோதியது.

‘கிரவுண்ட்’: நிலம் ‘கிருண்ட்’, அரைத்தது ‘கிருண்டன்’. இங்கே தொடக்கத்திலேயே உருவம் கிட்டத்தான் இருந்தது, ஆனால் உறவு இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் இருந்த ‘அன்’ விழுந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. 1066 இல் பிரான்சில் இருந்து நோர்மன்காரர் வந்து இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு முறையில் எழுதிப் பழகியவர்கள் நெடில் ஊகாரத்துக்கு ஓ, யூ என்று இரண்டு எழுத்துப் போட்டார்கள். பிறகு வாய் ஊகாரத்தை விட்டு ‘அவு’ என்று மாறியது. எழுத்து அப்படியே நின்றுவிட்டது.

‘ஃபவுண்ட்’டில் ‘கண்டெடுத்தான்’ என்பது பழைய ஆங்கிலச் சொல். ‘நிறுவு’ என்பது லத்தீனில் இருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அந்தப் பிள்ளை எடுத்தது இந்த இரண்டாவதை. ‘லெஃப்ட்’டைப் பிறகு எழுதுகிறேன், மின்சாரம் போய் வருகிறது.

மருந்துக்கட்டு

குளக்கட்டு அண்ணை சொன்ன ‘அவு’வுக்கு என்னிடம் ஒரு உதாரணம் இருக்கிறது. நான் தினமும் காயத்துக்கு மருந்து கட்டுகிறவள். பதிவுப் புத்தகத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் ‘வூண்ட்’ என்று எழுதுகிறேன். ஒருமுறை ஒரு கதையில் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்த இடத்தில் அதே எழுத்து வந்தது. மணிக்கூட்டுக்கு எப்படிக் காயம் வந்தது என்று வெகுநேரம் விளங்கவில்லை. அது ‘வைண்ட்’டின் இறந்தகாலம், ‘வவுண்ட்’ என்று வாசிக்க வேண்டுமாம். எழுத்து ஒன்று, சத்தம் இரண்டு. இது ஏன்?

குளக்கட்டு

தங்கச்சி, மிக நல்ல கேள்வி. இரண்டுக்கும் ஒரு காலத்தில் ஊகாரம்தான். ‘சுற்றியது’ என்ற சொல், கிரவுண்ட், ஃபவுண்ட், பவுண்ட் எல்லாவற்றோடும் சேர்ந்து ‘அவு’வுக்குப் போய்விட்டது. ‘காயம்’ மட்டும் பழைய ஊகாரத்தோடு நின்றுவிட்டது. 1476 இல் கக்ஸ்டன் என்பவர் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை வைத்தபோது இந்த உயிரெழுத்து மாற்றம் நடந்துகொண்டே இருந்தது. அச்சு ஒரு பக்கம் எழுத்தை இறுக்கியது, மறுபக்கம் வாய் நகர்ந்துகொண்டிருந்தது. ஆங்கில எழுத்தில் பாதிச் சிக்கல் அந்த இரு நூறு, முந்நூறு வருடத்தில் வந்தது.

இப்போது ‘லெஃப்ட்’. இடது என்ற சொல்லுக்குப் பழைய பொருள் ‘வலுக்குறைந்தது’. வலக்கைதான் வலுவான கை என்ற நினைப்பு. ‘போனான்’ என்பது ‘லீவ்’ என்ற வினையின் இறந்தகாலம். இரண்டு மெய் சேர்ந்து வந்தால் முன்னால் இருக்கும் நெடில் குறுகும் என்று ஒரு பழக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. கீப், கெப்ட். ஸ்லீப், ஸ்லெப்ட். ஃபீல், ஃபெல்ட். லீவ், லெஃப்ட். குறுகிய இடத்தில் ஏற்கனவே வேறொருவர் குடியிருந்தால் மோதல்தான். கம்பளியை அமுக்கிச் செய்யும் துணிக்கும் ‘ஃபெல்ட்’ என்ற பெயர் முன்பே இருந்தது.

மாங்குளம் சைக்கிள்

நான் சைக்கிள் திருத்துகிறவன். எங்கள் கடையில் ஆங்கிலம் என்று தெரியாமலே ஆங்கிலம் கதைக்கிறோம். ஸ்போக் என்றால் கம்பி. ‘ஸ்போக் இங்கிலிஷ்’ என்று விளம்பரப் பலகை பார்த்தால் எனக்கு ரிம்தான் ஞாபகம் வரும். அதற்கும் இதே கதைதானா?

குளக்கட்டு

அண்ணை, அதில் ஒரு அருமையான திருப்பம் இருக்கிறது. சில்லின் கம்பி பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்பாகா’. மேலே சொன்ன ஆகாரம் ஓகாரம் ஆகிற வழியால் அது ‘ஸ்போக்’ ஆனது. ஆனால் ‘கதைத்தான்’ என்பது நெடுங்காலம் ‘ஸ்பேக்’ என்றுதான் இருந்தது. 1611 இல் அச்சான ஆங்கில வேதாகமத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ‘ஸ்பேக்’ இருக்கும். ‘ஸ்போக்கன்’ என்ற வடிவத்தைப் பார்த்துச் சனங்கள் இறந்தகாலத்தையும் ‘ஸ்போக்’ என்று சொல்லத் தொடங்கிய பிறகுதான் அது சில்லுக்கம்பியோடு மோதியது.

உங்கள் கடையில் பிரேக்கும் இருக்கிறது அல்லவா? ‘முறித்தான்’ என்பதற்கும் அதே வேதாகமத்தில் ‘பிரேக்’ என்றுதான் இருக்கிறது, உங்கள் சைக்கிள் பிரேக்குக்கு இன்று எழுதும் அதே எழுத்தில். பிறகு அது ‘ப்ரோக்’ ஆகிவிட்டது. அதே பழக்கம் ஒரு இடத்தில் மோதலை உண்டாக்கியது, இன்னொரு இடத்தில் தவிர்த்தது. யாரும் கூட்டம் வைத்துத் தீர்மானிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

நெடுங்கேணி மாணவன்

நான் உயர்தரம் படிக்கிறேன். எனக்குத் தலையிடி தருவது கடைசியில் வரும் ‘எஸ்’. பெயரோடு வந்தால் பன்மை, வினையோடு வந்தால் ஒருமை. ‘லீவ்ஸ்’ என்றால் இலைகளா, அவன் போகிறான் என்பதா? பள்ளிக்கூட லீவும் அதே எழுத்து.

குளக்கட்டு

தம்பி, அந்த எஸ் இரண்டும் வேறு வேறு ஆட்கள். பெயரின் எஸ், பழைய ஆங்கிலத்தில் ஒரு வகைப் பெயர்களுக்கு மட்டும் வந்த ‘அஸ்’ என்ற பன்மை விகுதி. மற்ற வகைகளுக்கு ‘அன்’ போன்ற வேறு விகுதிகள் இருந்தன. மாடுகளுக்கு ‘ஒக்ஸன்’ என்பது அதன் மிச்சம். ‘அஸ்’ மெல்ல மெல்லக் கிட்டத்தட்ட எல்லாப் பெயர்களையும் பிடித்துக்கொண்டது. வினையின் எஸ், வட இங்கிலாந்தின் பேச்சில் இருந்து தெற்கே இறங்கி வந்தது. தெற்கில் அதற்கு முன் ‘எத்’ என்று முடிப்பார்கள். ஷேக்ஸ்பியரிடம் இரண்டும் கலந்து கிடக்கும்.

‘லீவ்ஸ்’ இன்னும் சுவாரசியம். இலைக்கும் அனுமதிக்கும் பழைய ஆங்கிலத்திலேயே ஒரே எழுத்து. அந்த ‘அனுமதி’தான் நாங்கள் இன்று போடும் லீவு. ‘போகிறான்’ என்பது மூன்றாவது சொல், அதன் பழைய பொருள் ‘மிஞ்ச விடு’. மூன்று வேர், இரண்டு எஸ், ஒரே உருவம்.

‘இங்’கும் இப்படித்தான். எங்கள் ‘தல்’ போலத் தொழிற்பெயர் செய்யும் ‘உங்’ அல்லது ‘இங்’ ஒன்று இருந்தது. நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல ‘எண்டெ’ என்று வேறொரு விகுதி. இரண்டாவது மறைந்து முதலாவதோடு கலந்தது. அதனால்தான் ‘பில்டிங்’ ஒரு கட்டடமாகவும் நிற்கும், கட்டிக்கொண்டும் இருக்கும்.

முல்லை வாசகர்

வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். தமிழில் இந்தக் குழப்பமே இல்லை. எங்கள் மொழியில் வினை வினைதான், பெயர் பெயர்தான். அதனால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு இது இவ்வளவு கஸ்டம்.

வரம்புக்காரி

அண்ணை, நான் வயல் செய்கிறவள். உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை, மன்னிக்க வேண்டும். விதை விதைக்கிறோம். முளை முளைக்கிறது. பூ பூக்கிறது, காய் காய்க்கிறது. கட்டுக் கட்டிச் சுமக்கிறோம். வயலில் நிற்கிற பாதிச் சொல் பெயராகவும் இருக்கிறது, ஏவலாகவும் இருக்கிறது. ‘நடு’ என்றால் நாற்றை நடச் சொல்வது, வயலின் நடுப்பகுதியும் ‘நடு’. அறுத்த நெல்லை அடுக்கி வைப்பது சூடு, வெயிலும் சூடு, தலையில் பூவைச் சூடு என்பதும் சூடு. குழப்பம் இல்லை என்பது நாங்கள் பிறந்ததில் இருந்து கேட்டுப் பழகியதால்.

மாங்குளம் சைக்கிள்

தங்கச்சி சொன்னது சரி. கடையில் ‘நட்டு’ என்றால் இரும்பு, வயலில் ‘நட்டு’ என்றால் வேலை முடிந்தது.

குளக்கட்டு

வரம்புக்காரி அக்கா, நான் இரண்டு நாள் யோசித்து எழுத நினைத்ததை நீங்கள் வயலில் நின்றே எழுதிவிட்டீர்கள். உங்கள் சொற்களிலேயே ஆங்கிலத்தின் இரண்டு வகையும் இருக்கின்றன.

‘பூ’வும் ‘பூ’வும் உறவு. ஆங்கிலத்தில் ‘லவ்’ அப்படி. அன்பு என்ற பெயர் ‘லுவு’, அன்பு வை என்ற வினை ‘லுவியன்’. பதிலுக்கு ‘ஆண்ட்ஸ்வரு’, பதில் சொல்வதற்கு ‘ஆண்ட்ஸ்வரியன்’. வால் மட்டும்தான் வேறு. வால்கள் உதிர்ந்ததும் லவ், ஆன்ஸர் என்று ஒரே உடல் மிஞ்சியது. இந்த வகை பெருகியதும் ஆங்கிலம் எந்தப் பெயரையும் கூசாமல் வினையாக்கப் பழகிவிட்டது. இன்று போனில் ‘மெசேஜ்’ பண்ணுவது வரைக்கும் அதுதான்.

‘நட்டு’வும் ‘நட்டு’வும் தற்செயல். ‘சோ’வைப் போல.

எனக்கு மிகவும் பிடித்தது ‘பட்டு’. சேலை பட்டு. துன்பப்பட்டு, வெட்கப்பட்டு என்பதிலும் பட்டு. ஆங்கிலத்தில் ‘ஃபெல்ட்’ ஒரு துணி, ‘உணர்ந்தான்’ என்பதும் ஃபெல்ட். இரண்டு மொழியிலும் ஒரு துணி, பக்கத்தில் மனதில் படுகிற ஒரு வினை. ஒன்றை ஒன்று பார்க்காத மொழிகள் இப்படி வந்து நிற்பதை நினைத்தால் இப்பவும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

தொல்காப்பியம் இதைப் பலபொருள் ஒருசொல் என்று எடுத்து, வினையால் வேறுபடுவது, வேறுபடாதது என்று இரண்டாகப் பிரிக்கிறது. ‘மா’ என்பது மரமும் ஆகும், விலங்கும் ஆகும். ‘மா பூத்தது’ என்றால் மரம். பூத்தது என்ற வினை பக்கத்தில் வந்ததும் விலங்கு விலகிவிடுகிறது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார், ஆளைத் தெரியும். ரீச்சரின் பிள்ளைக்குத் தேவையானதும் இதுதான்.

பாலைப்பழம்

எல்லாம் சரி. சோதனையில் ‘சகு’ என்ன, ‘சேஅஹ்’ என்ன என்று கேட்பார்களா? பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு சில மணித்தியாலம். அதற்குள் ஆயிரம் வருடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நான் இன்னும் பாடமாக்கச் சொல்லித்தான் சொல்வேன்.

வரம்புக்காரி

பாடமாக்கியதைத்தானே அந்தப் பிள்ளை அகராதியில் இருந்து எடுத்து எழுதினாள்? சொல் தெரிந்திருந்தது. எதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

குளக்கட்டு

பாலைப்பழம் அண்ணை சொல்வதில் நியாயம் இருக்கிறது, வரலாறு பரீட்சைக்கு வராது. ஆனால் வால் உதிர்ந்த மொழி என்று தெரிந்தால் ஒரு விசயம் உடனே விளங்கும். தமிழில் ‘யானை வேலியை முறித்தது’ என்றாலும் ‘வேலியை யானை முறித்தது’ என்றாலும் முறித்தது யானைதான். ‘ஐ’ என்ற உருபு வேலியோடு ஒட்டிக்கொண்டு போகிறது. ஆங்கிலத்தில் அந்த இரண்டு பெயரையும் இடம் மாற்றினால் வேலி போய் யானையை முறித்துவிடும். உருபு செய்த வேலையை அங்கே இடம் செய்கிறது. எங்கள் பிள்ளைகள் சொல்லின் கடைசியைப் பார்த்துப் பொருள் எடுக்கப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் கடைசியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. முன்னால் பார்க்க வேண்டும். ‘த’, ‘ஏ’, ‘ஹிஸ்’, ‘மை’ முன்னால் நின்றால் வருவது பெயர். ‘ஹீ’, ‘தே’ நின்றால் வருவது வினை.

ஒட்டுசுட்டான் காணி

குறுக்கே வருகிறேன். ‘பெர்மிட்’ காணி, 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் கொடுக்கிற பத்திரம், அந்தச் சொல்லும் வினையாக வருமே?

குளக்கட்டு

வரும் அண்ணை. பத்திரம் என்றால் முதல் அசையை அழுத்துவார்கள், ‘அனுமதி’ என்று ஏவும்போது இரண்டாவதை. ரெக்கோர்ட், இம்போர்ட், ப்ரெசென்ட் எல்லாம் அதே மாதிரி. எழுத்தில் தெரியாது, காதில் தெரியும்.

அக்கராயன் ரீச்சர்

எல்லோருக்கும் நன்றி. நேற்றுத்தான் செய்து பார்த்தேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆங்கிலத்தை எடுக்கவே இல்லை. கரும்பலகையில் ‘சூடு’ என்று எழுதிவிட்டுப் பேசாமல் நின்றேன். ஒருவன் ‘வயலில் சூடு வைத்திருக்கிறது ரீச்சர்’ என்றான். ஒருத்தி ‘தேத்தண்ணி சூடு’ என்றாள். பின் வாங்கில் இருந்து ‘பூச் சூடு’ என்று ஒரு சத்தம். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ‘பக்கத்துச் சொல்லைப் பார்த்து’ என்றார்கள், நான் சொல்லிக் கொடுக்காமலே.

அதற்குப் பிறகுதான் தச்சரின் வசனம். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். அவள் முதலில் ‘ஹிஸ்’ஸின் கீழே கோடு போட்டாள். ‘அவருடைய என்று வந்தால் பார்த்தார் வராது, ஒரு பொருள்தான் வரும்’ என்றாள். ‘த’வின் கீழே கோடு போட்டு ‘அரைத்த இல்லை, நிலம்’ என்றாள். ‘லெஃப்ட்’டில் கொஞ்ச நேரம் நின்றாள். ‘அண்ட்’டுக்கு முன்னால் தச்சர் ஒரு வேலை செய்தார், பின்னாலும் ஒரு வேலை செய்ய வேண்டும் என்று தானாகவே சொல்லிப் ‘போனார்’ என்று எழுதினாள்.

சகுவையும் சேஅஹ்வையும் கடைசியில் ஐந்து நிமிடம் சொன்னேன். மாங்குளம் சந்தியையும் சொன்னேன். பாலைப்பழம் அண்ணை, அதை யாரும் பாடமாக்கவில்லை, ஆனால் வீட்டுக்குப் போகும்போது ரோட்டில் ‘சகு, சகு’ என்று கத்திக்கொண்டு போனார்கள்.

இன்று அந்தப் பிள்ளை சொந்தமாக ஒரு வசனம் எழுதிக்கொண்டு வந்தாள்: ‘த பேர் சோ த லீவ்ஸ் அண்ட் ரோஸ்.’ கரடி இலைகளைப் பார்த்து எழுந்தது. ‘பேர்’ என்றால் பொறுத்துக்கொள்வதும் என்று அகராதியில் கண்டிருக்கிறாள், ‘த’ போட்டதால் கரடிதான் என்று பக்கத்தில் தமிழில் குறிப்பும் எழுதியிருந்தாள்.

மாங்குளம் சைக்கிள்

ரீச்சர், அந்தப் பிள்ளைக்கு என்னுடைய சார்பில் ஒரு சொல் கொடுங்கள். டயர். களைத்துப் போவதும் டயர்தானே?

குளக்கட்டு

அண்ணை, நாங்கள் பழகும் பிரித்தானிய முறையில் சில்லு டயருக்கு நடுவில் ‘வை’, களைப்புக்கு ‘ஐ’. அமெரிக்காவில் இரண்டுக்கும் ‘ஐ’தான். அங்கே இருந்திருந்தால் உங்கள் கடைப் பலகையிலும் ஒரு இரட்டைச் சொல் தொங்கியிருக்கும்.

மாங்குளம் சைக்கிள்

பலகையில் எப்படி எழுதியிருக்கிறது என்று இப்பத்தான் போய்ப் பார்த்தேன். ‘ஐ’ போட்டிருக்கிறது.